கல்வீடும் அதன் கூரையும்: ஸன்ஸிபார் தரும் பாடம்

அரபுமொழியில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் பல. இரவைக் கழிக்கும் இடம் என்ற கருத்தில் அது 'பைத்'. சுற்றி வளைந்த எல்லை உடையது என்ற கருத்தில் அது 'தார்'. மனிதன் அலைச்சல் நீங்கி அமைதியுறும் இடம் என்ற கருத்தில் அது 'மஸ்கன்'. இம்மூன்று பெயர்களும் பொருந்த வேண்டுமாயின் மேலே ஒரு 'ஸக்ஃப்', அதாவது கூரை, இருந்தாக வேண்டும். வானத்தைப் பற்றிப் பேசும்போது திருக்குர்ஆன் இச்சொல்லையே ஆள்வதை ஆலிம்கள் அறிவர். கூரையற்ற நான்கு சுவர்கள் இடிபாடு என்றே கொள்ளப்படும். பழைய கல்வீடு ஒன்றைப் புதுப்பிக்க முனைவோர் சுவரைவிடக் கூரையைப் பற்றியே முதலில் சிந்திக்க வேண்டியிருப்பதும் இதனாலேயே.

இந்த உண்மையை விளக்க, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய ஸன்ஸிபார் தீவின் தலைநகரிலுள்ள கல்நகரத்தை எடுத்துக்கொள்வோம். உமானிய சுல்தான்களும் ஹள்ரமீ அரபிகளும் கட்ச், குஜராத் வணிகர்களும் சுவாஹிலி மக்களும் சேர்ந்து உருவாக்கிய நகரம் அது. ஏறத்தாழ 1700 கட்டடங்கள் அங்கே நெருங்கி நிற்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நகரத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் ஏற்பு என்பது காப்பு ஆகிவிடாது. சுல்தான் பர்கஷ் 1883இல் எழுப்பிய 'பைத்துல் அஜாயிப்' எனும் அற்புத மாளிகையின் ஒரு பெரும்பகுதி 2020 டிசம்பர் 25 அன்று இடிந்து விழுந்தது. பழுதுபார்க்கும் பணி நடந்துகொண்டிருந்த வேளையிலேயே அது நேர்ந்தது, இருவர் உயிரிழந்தனர். பழைய கட்டடத்தைப் பழுது பார்ப்பது விளையாட்டன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சுவரின் இயல்பு

ஸன்ஸிபார் வீடுகளின் கல் 'பவளக் கல்' என வழங்கப்படுகிறது. இதனைக் கடலடியில் உயிரோடு வளரும் பவளம் என எண்ணிவிடக் கூடாது. தொல்பழங்காலத்தில் கடலுக்கடியில் இருந்து, பின்னர் கரையாக மேலெழுந்து இறுகிப்போன பாறையே பெரிதும் பயன்பட்டது. மன்னார் வளைகுடாவில் உயிர்ப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததும், அதனால் நேர்ந்த கேடும், 1986இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் நம் வாசகர் அறிந்தவை. ஆதலின் இவ்வேறுபாட்டை இங்கே சுட்டுகிறோம்.

இக்கல் ஒழுங்கற்ற வடிவுடையது, நுண்துளைகள் நிறைந்தது. இதனைச் சதுரமாகச் செதுக்கி அடுக்குவதில்லை. கைக்கு வந்த கற்களைச் சுண்ணாம்பும் செம்மண்ணும் கலந்த சாந்தில் பதித்து, அரை மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் சுவர் எழுப்புவர். அதன் வலிமை கல்லில் மட்டும் இல்லை. கல்லையும் சாந்தையும் மூடிநிற்கும் சுண்ணாம்புப் பூச்சிலும் இருக்கிறது. பூச்சு நல்ல நிலையில் உள்ளவரை சுவர் ஓர் உடல்போல் ஒன்றாக நிற்கும். பூச்சு உரிந்து, உள்ளே நீர் புகுந்து, சாந்திலுள்ள மண் கரையத் தொடங்கினால், சுவர் கற்குவியலாக மாறிவிடும்.

சுண்ணாம்பும் இதே பவளக் கல்லிலிருந்தே கிடைத்தது. விறகை வட்டமாக அடுக்கி, அதன்மேல் கல்லைக் குவித்து எரித்து, வெந்த கல்லை நீற்றி எடுப்பர். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு, மீண்டும் கல்லின் தன்மையை அடைகிறது. கல் சுண்ணாம்பாகிச் சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகும் இந்தச் சுழற்சிக்கு மாதங்கள் தேவை. அவசரக்காரர்க்குச் சுண்ணாம்பு ஒத்துவராது.

கூரையின் அமைப்பு

இவ்வீடுகளின் பழைய கூரை தட்டையானது. அதனைத் தாங்குபவை கண்டல் மரக் கழிகள். சுவாஹிலி மொழியில் இவற்றுக்கு 'போரிதி' என்று பெயர். கழிமுகச் சேற்றில் வளரும் இம்மரம் உறுதியானது. அரபியில் இதற்குக் 'கன்தல்' என்ற பெயரும் உண்டு. அது தமிழின் 'கண்டல்' என்பதோடு ஒலியில் ஒத்திருப்பது சுவையான செய்தி. இக்கழிகள் பாய்மரக் கலங்களில் ஏற்றப்பட்டு அரபுத் தீபகற்பத்துக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் சென்றன. மரம் அரிதான அந்நாடுகளின் வீடுகளும் இக்கழியையே நம்பியிருந்தன.

கழியொன்று தாங்கக்கூடிய இடைவெளி ஏறக்குறைய 3 மீட்டர். எனவே அறையின் அகலமும் அவ்வளவே. நீளம் மட்டும் விருப்பம்போல் அமையும். ஸன்ஸிபாரில் அறைகள் குறுகி நீண்டிருப்பதற்குக் காரணம் கட்டியவரின் சுவையன்று. கண்டல் மரத்தின் அளவே.

கழிகளை நெருக்கமாகப் பரப்பி, மேலே சிறு பவளக் கற்களை அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புக் காரையைக் கொட்டி, கட்டைகளால் நாள்கணக்கில் இடித்துக் கெட்டிப்படுத்துவர். மொத்தக் கனம் 30 சென்டிமீட்டர் எனக் கொண்டால், 3 மீட்டர் அகலமும் 8 மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறையின்மேல் ஏறத்தாழ 12 டன் எடை அமர்ந்திருக்கிறது எனக் கணக்கிடலாம். ஒழுகும்போதெல்லாம் மேலே மேலே புதுக்காரை போட்ட வீடுகளில் இவ்வெடை இன்னும் கூடுதலாகும்.

இந்த எடை சுமை மட்டுமன்று. அதற்கு ஒரு பயனும் உண்டு. சுவரின் தலையை அழுத்தி நிறுத்துவது அதுவே. எதிரெதிர்ச் சுவர்களில் இரு முனைகளும் பதிந்த கழிகள், அச்சுவர்கள் வெளிப்புறம் சாயாதபடி பிணைத்துப் பிடிக்கின்றன. ஆகவே கூரை என்பது மழைக்கு மூடி மட்டுமல்ல, சுவர்களின் கச்சையும் ஆகும். இதனை உணராமல் கூரையில் கைவைப்பவர் வீட்டையே அவிழ்த்துவிடுகிறார்.

நோயின் மூலம்

ஸன்ஸிபாரில் மார்ச் முதல் மே வரை 'மஸிகா' எனும் பெருமழையும், ஆண்டின் இறுதியில் 'வூலி' எனும் சிறுமழையும் பெய்கின்றன. ஆண்டு மழை 1500 மி.மீட்டருக்கு மேற்படும். தட்டைக் கூரை வறண்ட அரேபியாவுக்கு ஏற்றது. இத்தகைய மழைக்கு அது ஆண்டுதோறும் பேணுதலை வேண்டி நிற்கும். கூரையில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகிறது, நீர் இறங்குகிறது, சுவருக்குள் பதிந்துள்ள கழியின் முனையில் ஈரம் தங்குகிறது. அறையில் நின்று பார்ப்பவருக்குக் கழி நன்றாகவே தோன்றும். காற்றுப் புகாத அந்த முனையோ உள்ளே உளுத்துப்போயிருக்கும். கறையானும் ஈரத்தைத் தேடி அங்கேயே வரும்.

இதற்கு மருந்தாகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டுத் தட்டைக் கூரையின்மேல் நெளிதகரச் சாய்கூரைகள் ஏறின. இன்று கல்நகரத்தை உயரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது துருவேறிய இந்தத் தகரமே. 1964ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் நிலைமை மேலும் மாறியது. உடைமையாளர் பலர் வெளியேறினர், வீடுகள் அரசுடைமையாயின, ஒரு குடும்பம் வாழ்ந்த மாளிகையில் பல குடும்பங்கள் குடியேறின. அனைவருக்கும் பொதுவான கூரை எவருக்கும் உரியதாகாமற் போயிற்று. கல்நகரப் பாதுகாப்பு ஆணையம் 1985இல் தோன்றியபோது, பல வீடுகள் ஏற்கெனவே விழுந்திருந்தன.

புதுப்பிக்கும் முறை

பழுதுபார்ப்பில் முதற்பணி இடிப்பதன்று, அறிவதே. கூரிய கம்பியால் ஒவ்வொரு கழியின் முனையையும் சுவரோரத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கம்பி எளிதாக உள்ளே இறங்கினால் அக்கழி செத்துவிட்டது எனப் பொருள். சுவரிலுள்ள வெடிப்பு பழையதா, வளர்கிறதா என்பதைச் சில மாதங்கள் கவனிப்பதும் தேவை.

இரண்டாவது, முட்டுக் கொடுத்தல். கீழ்த்தளம் முதல் மேல்தளம் வரை ஒன்றின் நேர்மேலே ஒன்றாக முட்டுகள் நிற்க வேண்டும். மேல்தளத்துச் சுமையைக் கீழ்த்தளத்தின் உளுத்த கழிகள்மீது இறக்கிவிட்டால், காப்பாற்ற வந்தவரே கவிழ்த்தவர் ஆவார்.

மூன்றாவது, கூரையைப் பகுதி பகுதியாகக் கழற்றுதல். முழுக் கூரையையும் ஒரே நாளில் அகற்றினால், எடையும் பிணைப்பும் ஒருசேர நீங்கிச் சுவர்கள் தனித்து நிற்கும். ஒரு மழையோ காற்றோ போதும். ஒரு பகுதியைக் கழற்றி, புதுக்கழி பதித்து, கல்லும் காரையும் இட்ட பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். கழியின் முனைக்குக் காற்றோட்டம் விடுவதும், கறையான் காப்பு பூசுவதும் புதுக்கழியின் வாழ்நாளை நீட்டிக்கும்.

நான்காவது, காலம். மஸிகா ஓய்ந்தபின் வரும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே சுண்ணாம்பு வேலைக்கு உகந்தவை. அப்போதும் வெயிலில் வெடித்துவிடாதபடி ஈரச் சாக்கு போர்த்திக் காக்க வேண்டும்.

சிமெண்டும் தகரமும்

'இத்தனை தொல்லை எதற்கு? கான்கிரீட் தளம் போட்டுவிடலாமே' என்ற கேள்வி இயல்பாகவே எழும். 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் பழைய காரைத் தளத்தைவிட எடையில் குறைவு என்பதும் உண்மையே. ஆயினும் இடர் எடையில் இல்லை. கான்கிரீட் விறைப்பானது, பவளச் சுவரோ சிறிது அசைந்து கொடுத்து வாழ்வது. தளத்தைப் பதிக்கச் சுவரில் நீளமாகக் காடி வெட்டும்போது சுவரின் கனம் பாதியாகிறது. கடற்கரைக் கல்லிலும் மணலிலும் உள்ள உப்பு, ஈரத்தோடு சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருத்துக் கான்கிரீட்டை உடைக்கிறது. சிமெண்டுப் பூச்சின் கதையும் இதுவே. சுண்ணாம்பு, சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதனை உள்ளேயே அடைத்து வைக்கும். வெளியே வழவழப்பாகத் தெரியும் சுவர் உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

தகரக் கூரையை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. நன்றாக அமைந்தால் அது பழைய தட்டைக் கூரைக்குக் குடையாக நின்று பயன்தரும். தட்டைக் கூரையைப் பெயர்த்தெறிந்துவிட்டுத் தகரத்தை மட்டும் போடுவதே பிழை. அப்போது சுவர்களை அழுத்தவும் பிணைக்கவும் ஒன்றுமிராது. தகரத்திலிருந்து இறங்கும் நீர் கைப்பிடிச் சுவருக்குப் பின்னே தேங்காமல் தூம்பு வழியே வெளியேற வேண்டும். அத்தூம்பும் அடுத்த வீட்டுச் சுவரை நனைக்கக் கூடாது. தெருவில் நீட்டப்படும் மழைத்தூம்பு வழிப்போக்கர்க்குத் தீங்கு செய்யலாகாது என்பதை ஃபிக்ஹு நூல்கள் தனியே ஆராய்ந்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

வக்ஃபின் கடமை

கல்நகரத்தின் வீடுகளுள் கணிசமானவை வக்ஃபு சொத்துக்கள். ஸன்ஸிபாரின் ஸுன்னீ மக்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். இமாம் நவவீ தமது 'மின்ஹாஜ்' நூலில் வக்ஃபு மேலாளரின் பணிகளைச் சொல்லுமிடத்து, வாடகைக்கு விடுதல், பழுது பார்த்தல், வருவாயைத் திரட்டுதல், அதைப் பங்கிடுதல் என்பவற்றைக் குறிப்பிடுகிறார். பங்கீடு இறுதியில் வருகிறது. ஹனஃபீ அறிஞர்களோ, வக்ஃபு செய்தவர் குறிப்பிடாவிட்டாலும் வருவாயின் முதற்செலவு பழுதுபார்ப்பே என்கின்றனர். காரணம் தெளிவானது: கூரை போனால் வீடு போகும், வீடு போனால் வாடகை போகும், வாடகை போனால் அதனால் பயனடைந்த ஏழையும் மாணவனும் பள்ளிவாசலும் இழப்பர்.

இந்த ஒழுங்கு தலைகீழாகும்போது என்ன நேரும் என்பதைக் கல்நகரம் காட்டுகிறது. பெயரளவு வாடகையில் ஒரு கழிகூட மாற்ற இயலாது. குடியிருப்போர் பெரும்பாலும் எளியவர். வாடகையை உயர்த்தினால் அவர்கள் வெளியேற நேரும். உயர்த்தாவிட்டால் கூரை அவர்கள் தலையிலேயே விழும். அழகிய வீடுகளை உணவு விடுதிகளாக்கிக் காப்பாற்றும் வழி இன்று அங்கே பரவியிருக்கிறது. கட்டடம் பிழைக்கிறது, 'மஸ்கன்' என்ற பெயர்தான் பொருளிழக்கிறது. மக்கள் வாழும் வீடாகவே அதனைக் காக்க, பழுதுபார்ப்புக்கென்று வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் விலக்கி வைப்பதும், சுண்ணாம்பு வேலை அறிந்த கைகளைப் பயிற்றி வளர்ப்பதுமே நிலையான வழி.

ஒரு வெடிப்பை மழைக்கு முன் சுண்ணாம்பால் அடைக்க ஒரு கொத்தனாருக்கு அரைநாள் போதும். அதனை ஐந்தாண்டு ஒத்திவைத்தால் கழி மாற்ற வேண்டும். இருபதாண்டு ஒத்திவைத்தால் சுவரை எழுப்ப வேண்டும். நம் ஊர்களிலும் பழைய பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் வக்ஃபு வீடுகளும் சுண்ணாம்புக் காரையின்கீழ் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றின் பொறுப்பில் உள்ளோர், அடுத்த மழைக்குமுன் ஒருமுறை மேலே ஏறிப் பார்ப்பார்களாக.