இணையத்தில் தமிழ்த் துணைகள்

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நமக்கு வீட்டில் பேச்சுத் தமிழ் கிடைக்கிறது. எழுத்துத் தமிழோ கண்ணில் படுவது அரிது. கடைப் பலகையும் நாளிதழும் வேறு மொழியில் உள்ளன. ஊரிலுள்ள பாட்டிக்குக் கடிதம் எழுதுகையில் ஐயம் எழுந்தால் என் செய்வது? இணையத்தில் நல்ல துணைகள் சில உள்ளன.

முதல் துணை அகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இன்று இணையத்தில் காணலாம். அது தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருகிறது. ஆனால், 'சென்றான்' என்னும் சொல் அதில் தலைச்சொல்லாக இராது; 'செல்' என்றே தேட வேண்டும். 'மரத்தில்' என்பதற்கு 'மரம்' என்று தேட வேண்டும். சொல்லைப் பிரித்தறியும் இலக்கணமே அகராதியின் திறவுகோல்.

இரண்டாவது துணை, தமிழ்நாடு அரசு 2001ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம். இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். எழுத்தறிமுகம் முதல் இலக்கணம், இலக்கியம் வரை பாடங்களும், மின்னூலகமும் அதன் தளத்தில் உள்ளன.

மூன்றாவது துணை பிழைதிருத்திகள். 'வாணி' எழுத்துப் பிழையையும், 'நாவி' சந்திப் பிழையையும் சுட்டுகின்றன. 'அந்த பையன்' என்று எழுதினால் 'அந்தப் பையன்' என்று திருத்திக்கொள்ள இத்தகைய கருவி உதவும்.

எனினும், நம் மனத்திலுள்ள பொருளைக் கருவி அறியாது. 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. இரண்டும் சரியான தொடர்களே. 'சட்டையில் கரை படிந்தது' என்பதில் 'கறை' என்று வர வேண்டும். 'கரை'யும் தமிழ்ச் சொல்லே ஆதலால் கருவி அதனைப் பிழையெனக் காட்டாமல் விடக்கூடும். எது வேண்டும் என முடிவு செய்ய வேண்டியவர் எழுதுபவரே.

ஆகவே, முதலில் நீங்களே எழுதுங்கள், வாய்விட்டுப் படியுங்கள், பின்னர்க் கருவியில் இடுங்கள். திருத்தம் வந்தால் அதன் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். காரணம் அறிந்து திருத்திய பிழை மீண்டும் எளிதில் வாராது.

பயிற்சி

1. அகராதியில் எச்சொல்லாகத் தேடுவீர்கள்? வந்தார்கள், வீட்டிற்கு, கற்றாள்.

2. பொருள் வேறுபாடு எழுதுக: வேலை கொடு – வேலைக் கொடு.

3. உங்கள் பாட்டிக்கு ஐந்து தொடர்களில் கடிதம் எழுதி, பிழைதிருத்தியில் சரிபார்க்க. ஏற்ற திருத்தங்களுக்கும் ஏற்காதவற்றுக்கும் காரணம் கூறுக.