பின்பாட்டுக் கூட்டாளிகள்

செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி. திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு இதுவே மூலக்கோயில் என்பார்கள் இந்தப் பக்கத்து மக்கள். இந்த வழிபாட்டைப் பற்றி ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. செஞ்சிக் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து. ஆடுபவருக்குப் பின்னால் பெஞ்சில் ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். வேடக்காரர் ஓர் அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்குவார், கிறுகிறுவென்று சுற்றுவார். கிரீடமும் புஜக்கட்டையும் சுமப்பவருக்கு அது எத்தனை பெரிய உதவி!

வயதான பின்பாட்டுக்காரரிடம் பழைய நாள்களைக் கேளுங்கள். தன் குரலைவிட, கூட ஆடிப்பாடிய ஜமா (கூத்துக் குழு) ஆட்களைப் பற்றித்தான் பேசுவார். விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொக்கும்போது மிருதங்கத்தில் ஓங்கி விழுந்த அடி, சுருதியை விடாத ஹார்மோனியப் பெட்டிக்காரர், குட்டை நாகசுரம் போன்ற முகவீணையை ஊதியவர். இன்று முகவீணைக்கு ஆள் கிடைப்பது அரிது.

துரியோதனன் வீழும் படுகளத்தன்றோ ஆட்டம் பகலில். தரையில் மண்ணால் செய்து கிடத்தியிருக்கும் துரியோதனனைச் சுற்றி வேடக்காரர்கள் ஓட, வாத்தியக்காரர்களும் கூடவே நகர்ந்து வாசிக்க வேண்டும். அதன்பிறகு தீமிதி.