அஞ்சு அருவி, ஒரே ஓடை

ஐந்தருவியில் தலையைக் காட்டிவிட்டு, ஈரத் துண்டோடு மிளகாய் பஜ்ஜிக்குக் கை நீட்டியபோதுதான் சண்டை ஆரம்பித்தது. இருவருமே ஆபீஸ் நண்பர்கள்.

"எங்க தாத்தா மன்னார்குடி மெதடிஸ்ட்!" என்றார் ஒருவர்.

"நாங்க பாளையங்கோட்டை சி.எம்.எஸ்., தெரியும்லே!" என்றார் மற்றவர்.

அர்த்தமே இல்லாத சண்டை சார்! 1817-ல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வந்த ஜேம்ஸ் லிஞ்ச் பாதிரியார் தொடங்கிவைத்த மெதடிஸ்ட் சபை, 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன் முதலான சபைகளோடு கலந்து தென்னிந்தியத் திருச்சபை ஆகிவிட்டது. நாடு சுதந்திரம் வாங்கி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை!

சும்மா நடந்துவிடவில்லை. 1919-ல் தரங்கம்பாடியில் பேச்சைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் நம்ம நெல்லைச் சீமை வெள்ளாளன்விளைக்காரர், பிஷப் அசரியா. பிஷப் கைவைத்து அபிஷேகம் செய்யாத மெதடிஸ்ட் ஐயரை ஆங்கிலிக்கன்கள் ஏற்பதா? இதற்கே 28 வருஷம் இழுத்தது. பாவம், அசரியா 1945-லேயே போய்ச் சேர்ந்தார். பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

"சரி, இப்ப ரெண்டு கோயில் போர்டுலயும் என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"சி.எஸ்.ஐ.!" என்றார்கள், ஒரே குரலில்.

மேலே அஞ்சாக விழுந்த தண்ணீர், கீழே ஒரே ஓடையாகப் போய்க்கொண்டிருந்தது. பஜ்ஜிக்குக் காசு மட்டும் ஒற்றுமையாக என் தலையில்!