திருப்போரூர்க் கந்தசட்டியும் காலக்கணக்கும்

கேளம்பாக்கத்திற்குத் தெற்கே அமைந்த திருப்போரூர், முருகன் விண்ணில் போரிட்ட தலமாகப் போற்றப்படுகிறது. இத்தலத்தின் ஆண்டு விழாக்கள் இருவகைக் கணக்கில் அமைகின்றன. வைகாசி விசாகம், ஆடிக் கிருத்திகை ஆகியன சூரிய மாதத்தையும் நாண்மீனையும் சார்ந்தவை. நாண்மீன் ஏறத்தாழ 27 நாளுக்கொருமுறை மீள்வதால், அவை அம்மாதத்திற்குள்ளேயே அமைகின்றன. கந்தசட்டியோ ஐப்பசி அமாவாசையை அடுத்த பிரதமை முதல் சட்டி வரை எண்ணப்படும் திதி விழா. அமாவாசை ஐப்பசி இறுதியில் வருமாயின், விழா கார்த்திகைக்குள் நீளும். 2023இல் சூரசம்காரம் நவம்பர் 18, அதாவது கார்த்திகை 2 அன்று நிகழ்ந்தது. எனவே, ‘ஐப்பசி விழா’ என்னும் வழக்கு எண்ணிக்கை தொடங்கும் அமாவாசையின் மாதத்தையே குறிக்கும். விழாக் குறிப்புகளைக் கொண்டு காலம் கணிக்கும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.