கடல் விருந்தில் உங்கள் பந்தி எது?



நம் கடற்கரை ஊர்களில் கல்யாண விருந்து நடைபெறும்பொழுது, முதற்பந்தி எழுந்து கை கழுவும்வரை பந்தலில் காத்து நிற்கும் இரண்டாம் பந்திக்காரர்களை நீங்கள் அறிவீர்கள். ஒரு சஹனைச் சுற்றி அமரும் நால்வர் முன்பின் அறியாதவர்களாக இருக்கலாம். ஆயினும் சோறு தீருவதற்குள் அவர்கள் ஒருவர் ஊரை ஒருவர் விசாரித்து, உறவும் கண்டுபிடித்திருப்பார்கள். இந்தப் பந்தி முறையும் சஹன் தோழமையும், ஆயிரக்கணக்கான மக்களைச் சுமந்து செல்லும் உல்லாசக் கப்பல்களில் வேறு வடிவில் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. அவற்றைக் காப்பதா, கைவிடுவதா என்னும் கேள்வி கடந்த கால் நூற்றாண்டாகக் கப்பல் நிறுவனங்களையும் பயணிகளையும் இரு அணிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது.

“கப்பல் சாப்பாட்டைப் பற்றி நமக்கென்ன கவலை?” என்று நீங்கள் கேட்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலாவிலும், பின்னர் எம்.வி. சிதம்பரத்திலும் சென்றவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவை பிழைப்பு நாடிய பயணங்கள். 1985-ல் சிதம்பரம் கப்பல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தக் காலம் முடிந்தது. இன்றோ சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022 ஜூன் மாதத்தில் கார்டீலியா நிறுவனத்தின் கப்பல் புறப்பட்டது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் பெற்றோரைக் கடற்பயணத்திற்கு அழைத்துச் செல்ல விரும்பிப் பல நிறுவனங்களின் முன்பதிவுப் படிவத்தைத் திறந்தால், அதில் ஒரு கேள்வி எதிர்ப்படும். இரவு உணவு குறித்த நேரத்திலா, விரும்பிய நேரத்திலா? சிறிய கேள்விதான். ஆனால் பயணத்தின் ஒவ்வொரு மாலைப் பொழுதையும் அதற்குத் தரும் விடைதான் தீர்மானிக்கிறது.

இரு பந்திகள் ஏன் வந்தன?

காரணம் எளியது. கப்பலில் உள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்ணும் அளவுக்குப் பெரிய கூடம் கட்டினால், தங்கும் அறைகளுக்கு இடம் போதாது. ஆகவே ஒரே கூடத்தை இருமுறை பயன்படுத்துகிறார்கள். முதற்பந்தி மாலை 5.30 அல்லது 6 மணிக்கு. இரண்டாம் பந்தி இரவு 8 அல்லது 8.30 மணிக்கு. முதற்பந்தி உண்ணும்பொழுது இரண்டாம் பந்திக்காரர்கள் அரங்கில் கலைநிகழ்ச்சி காண்பார்கள். பின்னர் இடம் மாறிக்கொள்வார்கள். இவ்வாறு அரங்கமும் உணவுக்கூடமும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. ஒன்றின் நேரத்தை மாற்றினால் மற்றதும் மாறியாக வேண்டும்.

இந்த முறையில் உங்களுக்கு ஒரு மேசை எண் தரப்படும். முதல் நாள் எந்த மேசையில் அமர்கிறீர்களோ, கடைசி நாள்வரை அதுவே உங்கள் இடம். பரிமாறுபவரும் அவரே, உடன் அமர்பவர்களும் அவர்களே. நால்வர், அறுவர், எண்மர் அமரும் மேசைகள் உண்டு. இருவர் மட்டுமே சென்றால் பெரும்பாலும் அறிமுகமில்லாதவர்களோடுதான் அமர வைப்பார்கள்.

விரும்பிய நேரத்தில் உண்ணும் ஆசையும் புதியதன்று. முற்காலக் கப்பல்களில் நீண்ட மேசைகளின் முன் தரையோடு பிணைக்கப்பட்ட நாற்காலிகளில், மணியோசை கேட்டதும் அனைவரும் வந்தமர வேண்டும். 1905-ல் ஜெர்மானியக் கப்பலாகிய ‘அமெரிக்கா’வில், தனிக் கட்டணம் செலுத்தி வேண்டியபொழுது வேண்டியதை உண்ணும் உணவகம் ஒன்றைத் திறந்தார்கள். 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கிலும் முதல் வகுப்பினருக்கு அத்தகைய உணவகம் ஒன்று இருந்தது. அக்கப்பல் பனிப்பாறையில் மோதிய இரவில் கப்பல் தலைவர் ஸ்மித் விருந்துண்டதும் அங்கேதான். ஆக, நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொடக்கத்தில் செல்வர்களின் உரிமையாகவே இருந்தது.

2000-ல் வந்த மாற்றம்

அந்த உரிமையைச் சாதாரணப் பயணிக்கும் வழங்கியது 2000-ம் ஆண்டு. நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் அவ்வாண்டில் ‘ஃப்ரீஸ்டைல் குரூஸிங்’ என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மேசை எண் இல்லை, பந்தி இல்லை, எந்த உணவகத்திலும் எப்பொழுதும், எவரோடும் அமரலாம் என்றது. அதன்பின் பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய நிறுவனங்களும் ஒவ்வொன்றாகத் தத்தம் கப்பல்களில் விரும்பிய நேர உணவுக்கு இடமளித்தன. ஆனால் அவை பழைய முறையை ஒரேயடியாகக் கைவிடாமல், இரண்டையும் அருகருகே வைத்துப் பயணியின் விருப்பத்திற்கே விட்டன.

பழைய முறை எத்துணை வலிமையுடையது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. ராயல் கரீபியன் நிறுவனம் 2014-ல் வெள்ளோட்டம் விட்ட ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் பொது உணவுக்கூடமே வேண்டாமென்று, அதைப் பல சிறிய உணவகங்களாகப் பிரித்தது. ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியே இடம் குறித்துக்கொள்வது பயணிகள் பலருக்குச் சுமையாயிற்று. சில ஆண்டுகளுக்குள் அந்நிறுவனம் பழைய உணவுக்கூட முறைக்கே திரும்பியது. சுதந்திரம் என்று தந்ததையே மக்கள் வேலையாகக் கருதியதை எண்ணிப் பாருங்கள்.

டிஸ்னி நிறுவனம் 1998-ல் தன் முதற்கப்பலிலேயே நடுவழி ஒன்றைக் கண்டது. பயணிகள் ஒவ்வோர் இரவும் வெவ்வேறு உணவகத்திற்குச் செல்வார்கள். அவர்களோடு பரிமாறுபவர்களும் கூடவே இடம் மாறுவார்கள். இடம் புதிது, முகம் பழையது. குழந்தைகளோடு செல்பவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

குனார்ட் நிறுவனத்தின் ‘குயின் மேரி 2’ கப்பலில் வேறொரு காட்சி. அங்குள்ள பிரிட்டானியா உணவுக்கூடத்தில் இரு பந்திகள். ஆனால் உயர் கட்டண அறைகளில் தங்குவோர்க்குத் தனி உணவகம் உண்டு. அங்கே அவர்களுக்கென்று ஒதுக்கிய மேசையும் இருக்கும். உணவு வேளைக்குள் எப்பொழுது வேண்டுமானாலும் வரலாம். சொந்த இடமும் சொந்த நேரமும் சேர்ந்து கிடைக்க வேண்டுமாயின், அதற்கு விலை கூடுதல் என்பதே இதன் பொருள்.

எதில் ஆதாயம்? எதில் இழப்பு?

குறித்த நேர முறையின் முதல் நன்மை, நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் நாற்காலி உங்களுக்காகக் காலியாக இருக்கும். இரண்டாம் நாள் மாலையிலேயே பரிமாறுபவருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும். வாப்பாவுக்குச் சர்க்கரை ஆகாது, பேத்திக்கு நிலக்கடலை ஒவ்வாது என்பவற்றை ஒருமுறை சொன்னால் போதும். மேசைத் தோழமையும் அப்படியே. முதல் நாள் தயக்கத்தோடு புன்னகைத்தவர்கள் கடைசி நாளில் முகவரி மாற்றிக்கொள்வது வழக்கம். தனியே பயணம் செய்யும் முதியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரமே நாளின் பெரும் ஆறுதலாக அமைவதுண்டு.

இழப்பும் உண்டு. மத்தியதரைக் கடற்பயணங்களில் கப்பல் நாள்தோறும் ஒரு துறைமுகத்தில் நிற்கும். ஊர் சுற்றிவிட்டு மாலை 6 மணிக்குக் களைத்துத் திரும்பும் குடும்பம், அதே 6 மணிக்கு உடைமாற்றி உணவுக்கூடத்தில் இருப்பது எளிதன்று. இரண்டாம் பந்தியைத் தேர்ந்தால், எட்டரைக்கு அமரும் குழந்தை கடைசித் தட்டு வருமுன் மேசையிலேயே உறங்கிவிடும். உடன் அமர்பவர்கள் மனத்துக்கு ஒவ்வாதவர்களாக இருந்தால் அந்த ஏழு இரவுகளும் மிக நீண்டவை. அப்படி நேர்ந்தால் சங்கடப்படாதீர்கள். கூடத்தின் மேற்பார்வையாளரிடம் முதல் நாளே பணிவாகச் சொன்னால், இடமிருக்கும் பட்சத்தில் மேசையை மாற்றிக்கொடுப்பார்.

விரும்பிய நேர முறையில் இந்தத் தளைகள் இல்லை. பசித்தபொழுது போகலாம், குடும்பம் மட்டும் தனித்து அமரலாம். ஆனால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வேளையில்தான் பசிக்கிறது! இரவு 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே வாசலில் வரிசை நீள்வது இம்முறையின் தீராத குறை. 2024-ல் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ போன்ற கப்பலில் 7,600 பயணிகள்வரை ஏறலாம். அவர்களில் ஒரு பகுதியினர் ஒரே வேளையில் வந்தாலும் கூட்டத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டால் வரிசை குறையும். ஆனால் நேரத்தைக் குறித்துவிட்டால், நீங்களாகவே ஒரு பந்தியை அமைத்துக்கொண்டீர்கள் என்பதுதானே பொருள்?

பரிமாறும் கைகள்

இதில் நாம் மறந்துவிடக்கூடாத ஒரு தரப்பு உண்டு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்து, குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் கடலில் உழைக்கும் பணியாளர்களைச் சொல்கிறோம். பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய வீடுகளுக்கு அந்தப் பிரிவு என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பழைய முறையில் பயணத்தின் கடைசி இரவில், பயணிகள் தமக்குப் பரிமாறியவரின் கையில் அன்பளிப்பை உறையிலிட்டுக் கொடுப்பார்கள். ஏழு நாள் முகம் பார்த்துப் பழகிய ஒருவருக்குக் கொடுக்கும் நன்றி அது. விரும்பிய நேர முறையில் ஒவ்வோர் இரவும் வேறொருவர் பரிமாறுவதால் யாருக்குக் கொடுப்பது என்னும் சிக்கல் எழுந்தது. ஆகவே பல நிறுவனங்கள் தலைக்கு இவ்வளவு என்று நாள்தோறும் கணக்கில் சேர்க்கத் தொடங்கின. இன்று குறித்த நேர மேசைகளுக்கும் பெரும்பாலும் இதுவே நடைமுறை. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் அண்மை ஆண்டுகளில் இது ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர்வரை இருந்தது. நால்வர் கொண்ட குடும்பம் ஏழு நாள் பயணம் செய்தால் 448 முதல் 560 டாலர். பயணச்சீட்டின் விலையை மட்டும் பார்த்துப் புறப்படுபவர்கள் இதனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தவறாதீர்கள்.

நம் குடும்பங்களுக்கு ஏற்றது எது?

முதலாவதாக, ஹலால் உணவு. எல்லாக் கப்பல்களின் சமையற்கூடங்களும் ஹலால் முறையில் இயங்குபவை அல்ல. முன்பதிவின்போதே எழுத்து மூலம் கேட்டு, அறுப்பு இறைச்சி கிடைக்குமா, மீனும் காய்கறியும் மட்டுமே கிடைக்குமா என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இனிப்புகளில் மதுவோ ஜெலட்டினோ சேர்வதுண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சிறப்பு உணவு கேட்பவர்களுக்கு, மறுநாள் இரவின் உணவுப் பட்டியலை முதல் நாளே காட்டி, வேண்டியதைத் தனியே சமைக்கச் சொல்லும் வழக்கம் பல கப்பல்களில் இருக்கிறது. இது குறித்த நேர மேசையில் சீராக நடைபெறும். விரும்பிய நேர முறையில் ஒவ்வோர் இரவும் புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். ஒரு நாள் சொல்ல மறந்தாலும் தட்டில் வருவது என்னவென்று தெரியாது. மேல்தளத்தில் தாமே எடுத்து உண்ணும் பஃபே கூடமும் உண்டு. ஆனால் அங்கே ஒரு தட்டின் கரண்டி மற்றொரு தட்டுக்குள் போவதை யாரும் தடுக்க இயலாது.

இரண்டாவதாக, மஃரிப் வேளை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மாலை 7 மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. 5.30-க்குத் தொடங்கும் முதற்பந்தி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 8 மணிப் பந்தியாயின் தொழுதுவிட்டு நிதானமாகச் செல்லலாம். ஆனால் வடக்கே அலாஸ்காவின் ஜூனோ நகரில் ஜூன் மாதத்தில் இரவு 10 மணியளவில்தான் சூரியன் மறையும். நார்வேயின் வடகோடியிலோ கோடையில் சூரியன் மறைவதேயில்லை. ரமளானில் பயணம் அமைந்து, நோன்பும் நோற்பீர்களாயின் விரும்பிய நேர முறையே வசதி. ஆகவே எங்கே, எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதைப் பார்த்துப் பந்தியை முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதாக, துணை. மது அருந்துவோர் உடன் அமரும் மேசை சங்கடம் தரும் என்றால், “குடும்பத்திற்குத் தனி மேசை” என்று முன்பதிவிலேயே கேளுங்கள். குறித்த நேர முறையிலும் இதற்கு வழியுண்டு. அறுவர் அல்லது எண்மராகச் சேர்ந்து சென்றால் மேசை தானாகவே உங்களுடையதாகிவிடும்.

முதியவர்களும் உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களும் இருக்கும் குடும்பத்திற்குக் குறித்த நேரமே நலம். துறைமுகங்கள் மிகுந்த பயணத்திற்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் விரும்பிய நேரம் நலம். இரண்டுக்கும் நடுவே தடுமாறுபவர்கள், விரும்பிய நேர முறையைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே பரிமாறுபவரின் மேசையைக் கேட்டு அமரலாம். இடமிருந்தால் மறுக்கமாட்டார்கள்.

அன்பர்களே! நம் வீடுகளிலேயே இன்று எத்தனை இரவுகளில் குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்கிறது? ஒருவர் கடையிலிருந்து வருமுன் மற்றவர் உண்டு முடித்துவிடுகிறார். பிள்ளை தட்டோடு அறைக்குள் போய்விடுகிறான். நாம் அறியாமலேயே நம் வீடுகள் விரும்பிய நேர முறைக்கு மாறிவிட்டன. கடலில் எந்தப் பந்தியைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தச் சில இரவுகளிலாவது வாப்பா, உம்மா, பிள்ளைகள், பேரர்கள் அனைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உண்ணும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கரையிறங்கி வீடு சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் நிலைத்தால், பயணத்திற்குச் செலவிட்ட பணம் வீண்போகவில்லை என்று மகிழலாம்.