பாகமும் கணக்கும்

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் சந்நிதிக்குச் சந்தான பாக்கியம் வேண்டி வருகிற தம்பதிகள் அநேகர். வறுத்த பயறையும் முளைக்கச் செய்பவளென்று போற்றப்படும் மரகதவல்லித் தாயாரிடம் தமக்கொரு வாரிசு வேண்டுமென்று அவர்கள் பிரார்த்திக்கிறார்கள். வாரிசுகள் பிறந்து வளர்ந்து, தகப்பனாருக்குக் காரியம் முடிந்த கையோடு பாகம் கேட்டு நிற்கும் காலத்தில், இதே ஸ்தல புராணம் சொல்லும் இன்னொரு செய்தி நம் ஞாபகத்துக்கு வருவதில்லை. புள்ளாகிய ஜடாயுவுக்கு ஸ்ரீராமன் அந்திமக் கிரியை செய்த இடமாதலால் இவ்வூர் புட்குழி ஆயிற்றென்பர். கர்மம் செய்தவன் அங்கே பெற்றுக்கொள்ள ஒரு சொத்தும் இருக்கவில்லை. பிதுரார்ஜிதத்தைப் பங்காளிகளுக்காக நிர்வகிக்க முன்வருகிறவனுக்கு வேண்டிய மனோபாவம் அதுவே.

ஒரு குழித்தறி, கூடம், பின்கட்டு, கொஞ்சம் நஞ்சை ஆகியவற்றை விட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகிறாரென்று வைத்துக்கொள்வோம். மூத்தவன் தறியில் உட்கார்ந்து, வரி கட்டி, ஓடு மாற்றி, தாயாருக்கு வைத்தியமும் பார்க்கிறான். மூன்றாம் வருஷம் ஊருக்கு வந்த தங்கை, “அண்ணா, நஞ்சைக் குத்தகை எவ்வளவு வந்தது?” என்கிறாள். “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்கிறான் அவன். கேட்டது கணக்கு, கிடைத்தது மனஸ்தாபம். அடுத்து வருவது வக்கீல் நோட்டீஸ். அவன் ஒரு காசும் அபகரித்திருக்க மாட்டான். ஆனால் எழுதி வைக்காத யோக்கியதைக்குக் கோர்ட்டில் சாட்சி கிடையாது.

காஞ்சிபுரம் ஜில்லாவாசிகள் நன்கறிந்த திருஷ்டாந்தம் ஒன்றுண்டு. பச்சையப்ப முதலியார் 1794-இல் உயில் எழுதிவைத்துக் காலமானார். தெய்வ கைங்கரியங்களுக்கென்று அவர் ஒதுக்கிய திரவியம் வழக்குகளில் அகப்பட்டு வெகுகாலம் முடங்கிக் கிடந்து, பின்னர்ச் சென்னை சுப்ரீம் கோர்ட்டின் தலையீட்டாலும் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முதலியோரின் முயற்சியாலும் மீட்கப்பட்டு, வட்டியோடு பெருகிய உபரியிலிருந்து 1842-இல் ஒரு பாடசாலையாக உருக்கொண்டது. அறிஞர் அண்ணா படித்த காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியும் அத்தருமத்தின் கிளையே. திரவியம் தப்பியது பெரும் பாக்கியம். ஆனால் நம் வீட்டு நஞ்சையைக் காப்பாற்ற ஒரு நார்ட்டன் வருவாரென்று எதிர்பார்க்கலாகாது.

சட்டம் சொல்லுவதும் கணக்கைத்தான். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலை நிறைவேற்றப் புரொபேட் பெற்றவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருஷத்துக்குள் வரவு செலவையும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். உயிலே இல்லாத குடும்பத்திலும் இந்நியமத்தைத் தாமாகவே கைக்கொள்வது விவேகம்: சொத்து வருமானத்துக்கென்று தனி பாங்குக் கணக்கு, ஓடு மாற்றியதற்கும் ரசீது, பெரிய செலவுக்கு முன் எல்லோருக்கும் ஒரு கடிதம். “கலியாணத்தில் சீர் செய்தாயிற்றே” என்று தங்கையை ஒதுக்குவதும் செல்லாது. தகப்பனாரின் சுயார்ஜிதத்தில், உயில் இல்லாவிடில், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவி, தாய், மகன், மகள் எல்லோருக்கும் சமபாகம் அளிக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்திலும் 2005-ஆம் வருஷத்துத் திருத்தம் மகளுக்குப் பிறப்புரிமை தந்துவிட்டது.

தறி கிடக்கும் கூடத்தை மூன்றாக வெட்ட இயலாதுதான், அதற்கும் வழியுண்டு. நடுநிலையாளரைக் கொண்டு மதிப்பிட்டு, நெய்கிறவன் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவர் பாகத்துக்குப் பணம் தரலாம். அதைப் பத்திரமாக எழுதிப் பதிவும் செய்யலாம். அதுவும் கூடாவிடில், வருஷக்கணக்கில் சிவில் கோர்ட்டுப் படியேறுவதற்கு முன் லோக் அதாலத்தை நாடலாம்; அங்கே சமரசமாகும் தீர்வு கோர்ட்டு டிகிரிக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை.

இவையனைத்துக்கும் முந்திய ஏற்பாடு ஒன்று உண்டு. எங்கிருந்தாலும் எல்லோரும் வந்து கூடுவது தகப்பனார் திதியன்றுதான். அன்று சாப்பாடான பின், கூடத்தில் பாய் விரித்து, அவ்வருஷத்து வரவு செலவை உரக்க வாசித்து, அனைவரிடமும் கையொப்பம் பெறட்டும் மூத்தவன். எள்ளும் தண்ணீரும் இறைத்த கை, கணக்கு நோட்டையும் எடுத்து வைக்கட்டும்.