உங்களுக்குத் தெரியுமா?
மேசையிலேயே வேலை தொடங்கும் சிறுநீரகம்

உயிரோடு இருப்பவர் தானமாகத் தந்த சிறுநீரகம், பெறுபவரின் உடலில் பொருத்தப்பட்டு இரத்தம் பாயத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, பெரும்பாலும் சத்திரசிகிச்சை மேசையில் வைத்தே சிறுநீரைச் சுரக்கத் தொடங்கிவிடும்!

• சிலவேளை அது சுணங்கும். மாற்றிய முதல் வாரத்துக்குள் மீண்டும் இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டால், அதைத் 'தாமதமான தொழிற்பாடு' என்பர் வைத்தியர்கள்.

• சுணக்கத்துக்கு வழிவகுப்பவை: கொடுப்பவரின் முதிர்ந்த வயது, பெறுபவரின் மிகை உடற்பருமன், சிறுநீரகம் இரத்தமின்றி இருக்கும் நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட நாடிகளைப் பொருத்த வேண்டிய நிலை.

• பெரும்பாலும் இடது சிறுநீரகத்தையே எடுப்பர். அதன் நாளம் நீளமானது; தைப்பது இலகு.

• வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. நோயாளியும் கொடுக்க முன்வரும் சகோதரரும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்து, ஒரே வயலில் வெயிலில் உழைத்தவர்களாக இருக்கலாம். அதனால் அதே நோய் இருக்கிறதா எனக் கொடுப்பவரையும் துருவிச் சோதிப்பது அவசியம்.

• உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று: 1954 டிசம்பர் 23, பொஸ்டன். உருவமொத்த இரட்டையரில் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார்.